ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்

"கடவுள் இருக்காருன்னு நினைக்கிறீங்களா?" என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள்.

"இருந்தாலும் காலைல எட்டு மணிக்குக் கடை திறக்கணும், இல்லாட்டியும் திறக்கணும். நீ சாப்பிட்டியா?" என்றான் அவன்.

தபால் நிலையத்தில் விலாசம் பார்த்துக் கடிதம் பிரிக்கும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொல்லையில்லாத மனுஷன் என்று கட்டிக்கொண்டாள். மூன்றாம் வருஷம், நூல்கண்டு விலை ஏறிய அதே வாரத்தில், அவனுடைய தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு யாரோ வந்து வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. மெத்தை மட்டும் பள்ளமாக அமுங்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கடவுளேதான் என்றார் அவள் மாமியார். ஸ்பிரிங் கோளாறு என்றார் கணக்கு வாத்தியாரான அவள் அண்ணன். தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்ததில் ஸ்டூலின் எடை போக அறுபத்திரண்டு கிலோ இருந்தது. மழைக்காலத்தில் அரைக் கிலோ கூடியது. கும்பிட வந்தவர்களும் குட்டை உடைக்க வந்தவர்களும் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு மெஷினைத் தூக்கி வந்ததால் கடையில் வேலைக்குப் பஞ்சமில்லை.

மெக்கானிக் மட்டும் ஸ்டூல் பக்கம் திரும்பவில்லை. "இது சோம்பேறித்தனம் மாப்பிள்ளை, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க" என்று அண்ணன் பொரிந்தார்.

"இருக்கார்னா, அவருக்கு நான் சர்டிபிகேட் தரணுமா? இல்லேன்னா, இல்லாதவருக்காக எதுக்கு மச்சான் தொண்டைத்தண்ணி வத்தணும்? அந்த எண்ணெய்க் குப்பியை எடுங்க."

எண்ணெய்க் குப்பியை அண்ணனும் மாமியாரும் சேர்ந்தே எடுத்துக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளியிருந்த துறைமுக ஊரில் தலைமை அதிகாரி. சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். உத்தரவைக் காட்டினாள். வாயில் திருப்புளியைக் கவ்வியபடியே, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றான். சுவருக்கு வண்ணம் அடித்தபோதும் இதையேதான் சொன்னான். முடியைக் கத்தரித்துக்கொண்டபோதும் இதேதான். தன்னைப் பற்றி ஒருத்தன் கவலைப்படாவிட்டால் கடவுளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அவளுக்கு வந்தது.

நான்கு நாள் மதிய இடைவேளையில் கடைக்கு வந்து, அவன் பாபினில் மூழ்கியிருக்கையில், ஸ்டூல் முன்னால் நின்று மனசுக்குள் மனுப் போட்டாள். எல்லோரும் போடுகிறார்களே, நாமும் போடுவோம் என்றுதான். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. விலாசம் தப்பான கடிதத்தை ஆயுசு முழுக்கத் திருப்பி அனுப்பியவள், தன் மனுவை நாலு நாளாகத் தப்பான ஆளிடம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கடைக்குள் நுழைந்தாள். உட்கார இடமில்லை, பெஞ்சு முழுக்க மெஷின்கள். அப்போது ஸ்டூல் மெத்தை மெல்லப் பெருமூச்சு விட்டு மேலே எழும்பிச் சமமானது.

"பாத்தியாடா! பொம்பளைக்கு எழுந்து இடம் விடறார்!" என்று மாமியார் கத்தினார்.

"ஸ்பிரிங் நிமிந்துடுச்சு அத்தை, அவ்வளவுதான்!" என்றார் அண்ணன். பாதிக் கடை இந்தப் பக்கமும் பாதிக் கடை அந்தப் பக்கமுமாக வெடித்தது.

அவள் உட்கார்ந்தாள். இடம் இதமான சூட்டோடு இருந்தது. யார் எழுந்தார்கள் என்பதை மெக்கானிக் கவனிக்கவில்லை. வேலை நேரத்தில் மனைவி வந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்தான். திருப்புளியைக் கீழே வைத்தான்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போகாதேன்னு என்கிட்ட கெஞ்சுங்க" என்றாள், கடையே கேட்கும்படி. "போறதும் போகாததும் என் இஷ்டம், அது அப்புறம். ஆனா நீங்க ஒரு தடவையாவது கெஞ்சி நான் பாக்கணும்."