தோட்டத்துக்கு ஒரே வோட்டு

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையுடையதை விட்டுவிட்டால், ஒரே ஒரு வோட்டுத்தான் இருந்தது. அது, ஆள் கூட்டி வந்து வேலை வாங்கித் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற ரெங்கசாமிக் கங்காணியிடம் இருந்தது. வருமானமும் வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். கொழுந்து பறிக்கிறவளுக்கும் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கும் இரண்டும் கிடையாது. ஊவா மாகாணத்துக்கு ஒரு மெம்பரைச் சட்டசபைக்கு அனுப்ப வேண்டுமாம். அனுப்புகிறவர்கள் யார்? துரைமார், சர்க்கார் கச்சேரிக்காரர், காணிக்காரர், பதுளைக் கடை முதலாளிமார், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கங்காணிமார். மலை முழுக்க வேலை செய்கிறவன் வேடிக்கை பார்க்கலாம்.

ரெங்கசாமியின் ஆட்கள் வேடிக்கை பார்க்கச் சம்மதிக்கவில்லை.

"எங்க தலைய எண்ணித்தானே ஒங்களுக்கு வரும்படி? அந்த வரும்படியிலதானே வோட்டு வந்துச்சு? அப்ப அது நம்ம வோட்டு, அண்ணே" என்றாள் இராக்கம்மா. அவருடைய சின்னம்மா மகள். கூலி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. போன மழைக்காலத்தில் அவள் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டு, மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். துரை சீட்டு இல்லாமல் தோட்டத்துக் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றான் காவல்காரன். துரை பண்டாரவளையில் விருந்தில் இருந்தார். கேட்டடியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பதுளையில் வழக்குப் பேசுகிற புரொக்டர் ஒருவர் மெம்பருக்கு நின்றார். தோட்டத்துக் கேட்டைப் பற்றிச் சபையில் கேட்பேன் என்று சொல்லியிருந்தார். கேட்பாரோ மாட்டாரோ, வாயால் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

ஆனால் துரைமார் நிறுத்தியிருந்த ஆள் வேறு. துரை முந்திக்கொண்டார். பங்களா வாசலுக்குக் கூப்பிட்டு, "ரெங்கசாமி, நம்ம ஆள் யார் தெரியும்தானே?" என்றார்.

"தெரியுங்க தொரை."

"நீ நல்ல ஆள்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் துரைமார் பேச மாட்டார்கள். கங்காணி வேலை போனால் வீடு போகும், ஆள் கட்டு போகும், பிறகு யார் மதிப்பார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்விட்டாள் இராக்கம்மா. ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்க, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, புரொக்டருக்குத்தான் போடுவேன் என்று சத்தியம் பண்ணினார். இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தாயிற்று.

வோட்டு நாளன்று துரை தன் மோட்டார் காரையே அனுப்பினார். ஏற மாட்டேன் என்று சொல்ல முடியுமா? லயத்து வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மாப்புள ஊர்வலமாக்கும்!" என்று யாரோ ஒருவன் கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பதுளைக் கடைவீதியில் ஜுனைதீன் முதலாளி அவரை மறித்தார். புரொக்டருக்காக அலைகிற ஜவுளிக் கடைக்காரர். "என்ன கங்காணியார், முகம் மையத்து கெடக்குற வீட்டு முகமா இருக்கு? பொட்டிக்குள்ள போட்டா ஆருக்கும் தெரியாது. பயப்படாம போடுங்க."

"தொரைக்குத் தெரியாதது இந்த மலையில என்ன இருக்கு மொதலாளி?"

"அல்லாவுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

மறைப்புக்குள் போய்ப் பென்சிலை எடுத்தார். கண்முன் துரை முகமும் வந்தது, கேட்டடியில் இராக்கம்மா மருமகளை மூடியிருந்த கம்பளியும் வந்தது. ரெங்கசாமி புரொக்டருக்கே கோடு போட்டார். போட்டதை நாலாக மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தார். பிறந்ததிலிருந்து துரை சொல்லை மீறிச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஒருத்தரிடமும் சொல்ல முடியாத காரியமும் அதுதான்.

புரொக்டர் தோற்றார்; துரையின் ஆள் ஜெயித்தார்.

மறுநாள், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். துரை சிரித்துக்கொண்டே வந்தார். தான் போட்டுப் பழசான கம்பளிக் கோட்டு ஒன்றை அத்தனை பேருக்கும் முன்னால் ரெங்கசாமியின் தோளில் போட்டார். "நல்ல ஆள்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வரிசையில் இராக்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"கோட்டு நல்லா இருக்குண்ணே. யார் தலைய அடகு வச்சு வாங்குனது?"

அவர் அவளைத் தேயிலைச் செடிப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய், மெதுவாகச் சொன்னார்: "ஆத்தா மேல ஆணையா நான் புரொக்டருக்குத்தான் போட்டேன், இராக்கு."

"ஏன் குசுகுசுன்னு சொல்றீங்க?"

"தொரையோட கணக்கப்பிள்ள காதுல விழுந்தா என் பொழப்புப் போயிரும்."

"சத்தியமாப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப இந்தக் கோட்டத் தொரைகிட்டத் திருப்பிக் குடுங்க. ஏன் குடுக்குறேன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. நான் நம்புறேன்."

அவர் பங்களாவைப் பார்த்தார். துரை வராந்தாவில் நின்று புகையிலைக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். இராக்கம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கோட்டு அவர் தோளிலேயே கிடந்தது.

"நாங்க ஒரு மாச நோட்டீஸ் குடுக்குறோம். வேற கங்காணிகிட்டப் போறோம்" என்றாள். "பொய் சொன்னீங்களோ நெசம் சொன்னீங்களோ, இனிமே எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் பின்னால் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குளிர் காற்று அடித்தது. ரெங்கசாமி கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அவர்களுக்கு அன்றைக்குக் கொழுந்து பறிக்க வேண்டிய மலையைப் பிரித்துக் கொடுக்கப் போனார்.