சுடுதண்ணி

பிள்ளை பிறந்ததிலிருந்து தேவிக்குத் தூக்கம் என்பதே மறந்துபோயிற்று. குழந்தை பால் குடிக்கும். கண்ணை மட்டும் மூடாது. கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு, காலை உதைத்து, வீரிட்டு அழும். கண்ணேறு கழித்தாயிற்று, கையில் வசம்பு கட்டியாயிற்று.

"உன் புள்ள ராக்காவலுக்குப் பொறந்திருக்குதுடி" என்று சீண்டினாள், தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் பூங்கோதை. அவள் கண்ணும் சிவந்துதான் கிடந்தது, பாவம்.

கடைசியில் இருவரும் குழந்தையோடு ஜீப்பில் சாமை மூட்டைகளுக்கு நடுவே குந்தி, புதூர்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸ் சாந்தம்மாள் எடை போட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "நோவு ஒண்ணும் இல்லம்மா. நீ காப்பி, டீ நெறைய குடிக்கிறியா?"

"இல்லீங்க. காப்பி போட பாலுக்கு எங்க போறது? வெறும் சுடுதண்ணிதான்."

"அப்ப வேற இன்னான்னு தெரியல."

தேவிக்கு அழுகை முட்டியது. நோய் என்றாலாவது மருந்து இருக்குமே. "அண்ணி, தண்ணி குடுங்க."

பூங்கோதை பிளாஸ்க்கைச் சாய்த்தாள். கன்னங்கரேலென்று விழுந்தது, வாசனை அறை முழுக்கப் பரவிற்று.

"இன்னா அது?"

"சுடுதண்ணிங்க. பச்சத்தண்ணி பட்டா பெத்த வயித்துக்கு ஆவாதுன்னு, வெல்லமும் காப்பித்தூளும் போட்டு..."

"நாள் முச்சூடும் இதுதானா?"

"தாகம் எடுக்கறப்பல்லாம்."

சாந்தம்மாள் தலையில் கைவைத்துச் சிரித்தாள். "பால் ஊத்தலன்னா காப்பி காப்பி இல்லாம பூடுமா? நீ குடிக்கிறது தாய்ப்பால்ல புள்ளைக்கும் போவுது. உன் ஒடம்பு அத சீக்கிரம் கழிச்சிடும், பச்சப்புள்ள ஒடம்பு நாள் கணக்குல வச்சிக்கும். கொதிக்கவச்ச தண்ணி குடி. ஆசையா இருந்தா காலைல ஒரு டம்ளர் காப்பி, போதும்."

வீடு திரும்பியதும் வாசலிலேயே பூங்கோதை தேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டி ஊத்தி ஊத்திக் குடுத்தேன்."

"தெரிஞ்சா குடுத்தீங்க? வுடுங்க அண்ணி."

மறுநாளும் பிள்ளை அழுதது. போதாக்குறைக்கு, காப்பி நின்றதில் தேவிக்கு மண்டை பிளந்தது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சீரகத் தண்ணியோடு வந்த பூங்கோதை, "ஒரு சிட்டிக தூள் மட்டும் போடவாடி?" என்றாள், குரலே எழும்பாமல்.

"வேணாம் அண்ணி."

பிறகொரு மத்தியானம், வாசலில் புளி காய்ந்துகொண்டிருக்கையில், மடியிலிருந்த பிள்ளை தானாகக் கண் மூடியது. தேவிக்குப் பயமே வந்துவிட்டது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இளஞ்சூடாக வந்தது. நாத்தனாரைக் கூப்பிட நினைத்தாள். வாய் திறப்பதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

எட்டிப் பார்த்த பூங்கோதை, புளியைக் கிளறிய கோழிகளைச் சத்தமில்லாமல் கையை வீசியே விரட்டினாள்.