சாயம் ஏறாத முட்டைகள்

பதினாலு வருஷம் நூலுக்குச் சாயம் போட்டவனுக்கு ஒரு கோழி முட்டைக்குச் சாயம் போடத் தெரியாமல் போகுமா, நீங்களே சொல்லுங்கள்? செங்கோட்டையனும் போகாது என்றுதான் நினைத்தான்.

கணபதி என்கிற ஊரில் ஒரு லைன் வீட்டில் மூன்றாவது கதவு அவனுடையது. மனைவி ஜெசிந்தா போன ஆவணியில் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாள். மகள் அக்ஷயாவுக்கு ஒன்பது வயசு, மகன் தீபக்குக்கு ஆறு. ஜெசிந்தா குன்னூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீகளின் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். ஈஸ்டருக்கு முட்டைக்கு வண்ணம் போடுகிற பழக்கம் அங்கேதான் அவளிடம் ஒட்டிக்கொண்டது. கணபதியில் அவளுக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் வீட்டில்கூட அது கிடையாது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பன்னிரண்டு முட்டை வேகும். மறுநாள் காலையில் குன்னூரிலிருந்து அவள் அண்ணன் சவரிமுத்து வருவார். கூடையிலிருந்து முதல் முட்டையை எடுத்து நெற்றியில் தட்டி உடைப்பார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

அந்தச் சவரிமுத்து நாளைக்கு வருகிறார் என்பதுதான் செங்கோட்டையனின் கவலை.

கிறிஸ்துமஸ் லீவில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு நேரே சாயப்பட்டறைக்கே வந்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் செங்கோட்டையன் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருந்தான். தீபக் விளையாட்டாக ஈர நூலை உதறிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சவரிமுத்து சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளும் இல்லை.

"மாப்பிள்ளை, எனக்குப் பிள்ளை இல்ல. தங்கச்சி பிள்ளைங்கதான் எனக்கு. இன்னொரு தடவ இதுங்க கையில சாயத்தப் பாத்தேன்னா குன்னூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க ஸ்கூல் இருக்கு, அவங்க அத்தை இருக்கா. நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"இனி ஒரு நாளும் வராதுங்க மச்சான்" என்றான் இவன். அன்றைக்கு அப்புறம் பிள்ளைகள் பட்டறைப் பக்கம் போகவே இல்லை. இது சத்தியம்.

சனிக்கிழமை காலையில் அக்ஷயாதான் ஆரம்பித்தாள். "ஏனுங்கப்பா, மாமா வந்தா முட்டை கேப்பாருங்களே?"

அவனுக்கும் அது சரியென்று பட்டது. கலர் முட்டைக் கூடை மேஜையில் இருந்தால், ஜெசிந்தா இருந்தபோது நடந்த மாதிரியே வீடு நடக்கிறது என்று மச்சானுக்குத் தெரியும். அரை நாள் வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரி திருமலைசாமியிடம் கேட்டு, சிவப்பும் நீலமும் கொஞ்சம் காகிதத்தில் மடித்து வாங்கினான்.

"எதுக்கு கோட்டை, கோழிக்குச் சேலை கட்டியுடப் போறயா?"

"முட்டைக்குங்க."

"அதையும் உட்டு வெக்கலையா நீயி!" என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி பட்டறையைப் பூட்டினார்.

சாயம் பட்ட பாத்திரம் சோற்றுக்கு ஆகாது. அதனால் பழைய பெயிண்ட் டப்பா இரண்டைக் கழுவி வாசலில் வைத்தான். "இது திங்கறதுக்கில்ல, பாக்கறதுக்கு மட்டுந்தான். வெளங்குச்சா சாமி?" என்று தீபக்கிடம் இரண்டு தடவை சொன்னான். முட்டை வெந்தது. சாயம் கரைத்தான். உப்புப் போட்டான். நூலுக்குப் போடுகிற மாதிரி சலவைச் சோடாவும் போட்டான்.

அக்ஷயா மூக்கைச் சுளித்தாள். "அம்மா இதப் போட மாட்டாங்கப்பா. பீட்ரூட்ட வேக வெப்பாங்க. அப்பறம் என்னமோ ஊத்துவாங்க. மூக்குல சுருக்குன்னு ஏறும்."

"அட போ அம்மணி. உங்கம்மா சமையக்காரி. அப்பன் சாயக்காரன். யாரு சொல்றதக் கேக்கோணும்?"

அரை மணி கழித்து ஒரு முட்டையை எடுத்துத் தண்ணீரில் அலசினான். சிவப்பு அப்படியே வழிந்து ஓடிவிட்டது. முட்டை குளித்துவிட்டு வந்த மாதிரி வெள்ளையாக நின்றது.

"முட்டைக்கு நம்மளப் புடிக்கலீங்களாப்பா?" என்றான் தீபக்.

நூலில் சாயம் ஏறவில்லை என்றால் பட்டறையில் என்ன செய்வார்கள்? இன்னொரு கை சோடா போடுவார்கள். அவனும் போட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் தெருவிலிருந்து கத்தினாள். "தம்பீ, கொழாயில தண்ணி வந்துருச்சு! அஞ்சு நாளைக்கி அப்பறம் வருது, கொடத்தத் தூக்கிட்டு ஓடியா!"

"கண்ணு, கரண்டியில மெல்லத் திருப்பி உட்டுட்டே இருங்க. கைய மட்டும் வெச்சறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடினான். வரிசை நீளம். எட்டுக் குடம் பிடித்து முடிக்க முக்கால் மணி ஆயிற்று.

கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு பேரும் டப்பாவுக்கு முன்னால் குத்த வைத்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"கரண்டியில ஏறவே இல்லீங்கப்பா" என்றாள் அக்ஷயா. "அதான் பட்டறையில நீங்க பண்றாப்பல பெசஞ்சோம்."

தீபக் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். "பாருங்கப்பா, என்ற கையில சூப்பராப் புடிச்சிருச்சு!"

செங்கோட்டையன் முட்டைகளை எடுத்து அலசிக் கூடையில் போட்டான். இரண்டு டப்பாவையும் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தான். சாக்கடை சிவப்பும் நீலமுமாக ஐந்தாவது வீடு வரைக்கும் ஓடியது. அப்புறம் பிள்ளைகளை இழுத்து உட்கார வைத்துச் சோப்புப் போட்டான். போகவில்லை. தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் போட்டான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தான். சோடா போட்ட சாயம் தோலில் எத்தனை நாள் நிற்கும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் கையிலேயே அது எப்போதும் இருந்தது.

குழந்தையம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, தாயில்லாப் புள்ளைகள வேலைக்கா அனுப்பிப்போட்ட?"

"இல்லீங்கக்கா, முட்டைக்குங்க..."

"எந்த முட்டைக்கி?" என்று கேட்டாள் அவள். கூடையில் பன்னிரண்டும் வெள்ளை வெளேர் என்று கிடந்தன. இதே கேள்வியைத்தான் நாளைக்கு மச்சானும் கேட்பார்.

எலுமிச்சம்பழம் ஒன்றை அரிந்து தீபக்கின் உள்ளங்கையில் பிழிந்து தேய்த்தான். கையிலிருந்து சிவப்பாக வழிந்த சொட்டு, கீழே கூடையில் இருந்த ஒரு முட்டைமேல் விழுந்தது. செங்கோட்டையன் அதைத் துடைத்தான். போகவில்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்தான். காசு அளவுக்குச் சிவப்பு அங்கேயே நின்றது.

"புளிப்பு" என்றான் தனக்குத்தானே. "புளிப்பு வேணுமாட்டிருக்குது இதுக்கு."

"வினிகருங்கப்பா!" என்று துள்ளினாள் அக்ஷயா. "அம்மா ஊத்தறது வினிகரு. பேரு இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

சாயம் சாக்கடையில் போயிருந்தது. பட்டறை பூட்டியாயிற்று. இனி திங்கட்கிழமைதான். பீட்ரூட்டாவது கிடைக்குமா என்று மூன்று கடை ஏறி இறங்கினான். கோசும் முருங்கைக்காயும்தான் இருந்தன. கடைசிக் கடைக்காரர், "நாளைக்கிச் சந்தைக்குப் போயிட்டு வந்துருவேனுங்க, மத்தியானம் வாங்க" என்றார். மத்தியானம்!

வீட்டுக்கு வந்து, குளியலறை மாடத்தில் இருந்த பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்தான். வேலை முடிந்தால் அவன் அதில்தான் கை கழுவுவான். கொஞ்சம் கரைத்து அக்ஷயாவின் சுண்டுவிரலில் மட்டும் தடவினான். அவள் பல்லைக் கடித்தாள். விரல் நுனி வெளுத்தது. சுற்றிலும் தோல் சிவந்து தடித்தது.

"எரியுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா." கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னும் போடுங்க. நீங்களும் இதுலதான கழுவறீங்க?"

"என்ற கை வேற அம்மணி."

"போடுங்கப்பா. மாமா பாத்தா எங்களக் கூட்டிட்டுப் போயிருவாருல்ல?"

அவள் இதையெல்லாம் எப்போது கேட்டு வைத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. டப்பாவை மூடினான். திறந்தான். பத்தொன்பது விரலும், நான்கு கைகளும் முழங்கை வரைக்கும், இன்னும் மிச்சம் இருந்தன. தீபக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்துபோனான். செங்கோட்டையன் டப்பாவை மாடத்தில் திரும்ப வைத்துவிட்டு, மகளின் விரலில் தேங்காய் எண்ணெய் தடவி ஊதினான். வேறு என்ன செய்ய?

சிவப்புப் பொட்டு வைத்த முட்டையைக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே, பொட்டு முன்னால் தெரிகிற மாதிரி வைத்தான். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தான். இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் சவரிமுத்து வந்தார். பிள்ளைகளுக்குப் புதுத்துணியும் ஒரு பாக்கெட் வர்க்கி ரொட்டியும் கொண்டுவந்திருந்தார். கைகளைப் பார்த்தார். அக்ஷயாவும் தீபக்கும் ஒரே நேரத்தில் முட்டைக் கதையைச் சொன்னார்கள். செங்கோட்டையன் பொட்டு வைத்த முட்டையை எடுத்து நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சாயக்கை பட்ட கறை மாப்பிள்ளை" என்று சொல்லிக் கூடையிலேயே திரும்ப வைத்தார். செங்கோட்டையனும் அவருமாக அக்ஷயாவின் பள்ளிக்கூடப் பையில் பிள்ளைகளின் துணிகளை அடுக்கினார்கள். காந்திபுரத்திலிருந்து பதினொன்றே கால் பஸ்ஸில் சவரிமுத்துவும் பிள்ளைகளும் குன்னூருக்குப் போனார்கள்.