வூட்ல சொல்லிகினு வந்தியா

ஷைனி வலது கையை உயர்த்திக்கொண்டு சாலையில் இறங்கினாள். இடது கை பூவம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. கல்மண்டபத்துப் பக்கமிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குள் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் கடக்க வேண்டும். கடப்பதற்கென்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அவசரமாகப் பூசிவிட்டுப் போனவை. கண்டெய்னர் லாரிகளின் டயரில் தேய்ந்து, சுண்ணாம்பு சிந்தின மாதிரி கிடந்தன. சிக்னல் கம்பத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் நாள் முழுக்கக் கண்ணடித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நடந்து வருகிறவளைப் பார்த்தால் அந்தச் சாலையில் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றன. முந்திவிட்டால் அவள் நின்றுவிடுவாள் என்கிற நினைப்பு. சவாரிக்குக் கை காட்டினால் நடுச்சாலையில் சடக்கென்று நிற்கிற ஷேர் ஆட்டோ, கடப்பதற்குக் கை காட்டினால் கண் தெரியாததாகிவிடும். பைக்கில் போகிறவன் முறைத்துக்கொண்டே போவான். பின்னால் உட்கார்ந்திருக்கிறவளும் சேர்ந்து முறைப்பாள்.

பூவம்மாவுக்கு முட்டியில் வலி. இடுப்பில் இட்லிக் குண்டான், கையில் சாம்பார் தூக்கு. ஏலம் நடக்கிற கொட்டகை ஓரம் உட்கார்ந்து லோடு ஏற்றுகிறவர்களுக்கு நாஸ்தா விற்பாள். ஷைனிக்கு அதற்கு இரண்டு கடை தள்ளி, வலையும் கயிறும் விற்கிற கடையில் வேலை. ஒரே தெருக்காரர்கள் என்பதால் காலையில் சேர்ந்து வருவார்கள். புழுதிக்குப் பயந்து ஷைனி துப்பட்டாவால் கண்ணைத் தவிர முகம் முழுவதையும் சுற்றியிருந்தாள்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். கண்டெய்னர் துறைமுகக் கேட்டிலிருந்து வெளியே வந்த டிரெய்லர் லாரி ஒன்று, வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போனது போல ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. ஷைனி கையை இன்னும் உயர்த்தினாள். வண்டி நிற்கவில்லை. கிட்டத்தில் வந்துதான் பிரேக் சீறியது. பூவம்மா பதறிப் பின்வாங்கினாள். முட்டி மடங்கியது. குண்டான் இடுப்பிலிருந்து நழுவித் தார்ச்சாலையில் விழுந்து, மூடி தனியாகச் சுழன்றுகொண்டு போனது. வெள்ளை வெள்ளையாக இட்லிகள் உருண்டன.

டிரைவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"ஏய் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்தியா? கைய நீட்டிகினு வர்ற, இன்னா, ரோடு உங்கப்பன் சொத்தா? அந்தக் கெழவிய இஸ்துகினு நவுரு!"

ஷைனி அண்ணாந்து பார்த்தாள். அக்குளில் அவள் தையல் போட்டுக் கொடுத்த நீல டீ-ஷர்ட். முந்தாநாள் வண்டிக்குக் கிளம்பும்போது, இருமலுக்கு மாத்திரை போட்டாயா என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்ட அதே குரல். அவள் புருஷன் அலெக்ஸாண்டர். அவனும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நேராக, கண்ணுக்குள். ஆனால் அவன் பார்வையில் ஆள் யாரும் இல்லை. சாலையில் கிடக்கிற கல்லைப் பார்க்கிற பார்வை அது.

வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. பூவம்மாவை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். டிரெய்லர் நகர்ந்தது. அதற்கு எத்தனை டயர் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா டயரும் இட்லிகளின் மேல் ஏறி இறங்கிப் போய்ச் சேர நெடுநேரம் ஆனது மாதிரி இருந்தது.

"வுடு ஷைனிம்மா, அடிபடாம கீறமே" என்றாள் பூவம்மா. குண்டானுக்குள் மிச்சமிருந்ததை எட்டிப் பார்த்தாள். ஷைனி குனிந்து மூடியைத் தேடினாள். நிமிரப் பிடிக்கவில்லை.

அன்று கடையில் கேட்ட கயிறு ஒன்று, எடுத்துக் கொடுத்தது ஒன்று என்று பொழுது போனது. அலெக்ஸின் வேலை அவளுக்குத் தெரியாததில்லை. கேட்டில் வரிசை நின்றால் ராத்திரி, பகல் என்று கிடையாது. ஒன்றுக்குப் போக இடம் கிடையாது. காக்கி போட்ட செக்யூரிட்டிப் பையன்கூட 'டேய், வண்டியப் பின்னால எடு' என்பான். வீங்கிய காலோடு வீட்டுக்கு வருகிறவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே அத்தனை பேரையும் அவள் திட்டியிருக்கிறாள். பாவம், மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான் என்றே இத்தனை வருஷமும் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். கேட்டில் வாங்கியதை அவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் பைக்கில் போகும்போது குறுக்கே வந்த ஒருவரை இதே வார்த்தை சொல்லி ஏசினான். பின்னால் உட்கார்ந்திருந்த அவள், 'வுடுப்பா, பூசைக்கு நேரமாச்சு' என்றாள். அந்த மனிதரின் முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. அன்று பார்த்திருந்தால்தானே வரும்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அலெக்ஸ் குளித்து, தலை வாரி, ரேச்சலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ரேச்சல் ஏழாவது படிக்கிறாள். அப்பா வந்தால் அவளுக்குப் படிப்பு ஏறாது. ஷைனியைப் பார்த்ததும், "வா வா, உனுக்கும் சேத்து டீ வெச்சிகீறேன்" என்றான். பிறகு மகள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"அப்பொறம் இன்னாச்சு, கேளு. ஒரு கெழவியும் ஒருத்தியும் நடு ரோட்ல. அந்த ஒருத்தி பெரிய போலீஸ்காரியாட்டம் கைய இப்டித் தூக்கிகினு வர்றா." கையை உயர்த்தி, கழுத்தை விறைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்துக் கூடத்தில் நடந்து காட்டினான். "மூஞ்சத் தொறந்தா அழகு கொட்டிடும்னு துணியக் கட்டிகினு, முழிய மட்டும் இப்டி..." ரேச்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அலெக்ஸுக்கு ஆட்களைப் போல நடித்துக் காட்ட நன்றாக வரும். கையைக்கூடச் சரியாகத் தூக்கினான். விரல்கள் லேசாக மடங்கியிருந்தன, அவளுக்கு மடங்குகிற மாதிரியே.

"அவ இன்னா பண்ணா?" என்று கேட்டாள் ஷைனி.

"இன்னா பண்ணுவா? நம்ம வுட்ட டோஸுக்கு மூடிகினு போய்ட்டா."

"நான்தான் அது."

ரேச்சலின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றது. அலெக்ஸ் உயர்த்திய கையைக் கீழே இறக்கினான்.

"இன்னாம்மே, வெளாடாத."

"கூட வந்தது பூவம்மாக்கா. அதோட நாஸ்தா மேலதான் வண்டிய ஏத்திகினு போன."

அவன் எழுந்து தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது முகத்தில் வெட்கம் இருந்தது. அது நிலைத்திருந்தால் ஷைனி அன்று ராத்திரியே அழுது தீர்த்து, மன்னித்திருப்பாள். அது நிலைக்கவில்லை. "மூஞ்சிய மூடிகினு நின்னா எனுக்கு எப்டித் தெரியும்? நீன்னு தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டனா? சொல்லு. உன் மேல ஏத்துவனா நானு?"

இதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் ஷைனிக்குப் பொறுக்கவில்லை.

"அக்காகிட்டப் போய் ஒரு வார்த்த சொல்டு வா" என்றாள். "தெரியாம நடந்துச்சுன்னு சொல்லு. போதும்."

"கெழவிகிட்ட நானா?" என்றான். பிறகு ரேச்சலைப் பார்த்துவிட்டு, "சரி, போறேன். நாளைக்கிப் போறேன்" என்றான்.

மறுநாள் காலையில் ஷைனியே பூவம்மாவிடம் சொன்னாள். முக்கு திரும்பும்போது, முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அது எங்க வூட்டுக்காரருதான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் பூவம்மா. "அலெக்ஸு கொரலு எனுக்குத் தெரியாதா? நீ கண்டுக்காத மாதிரி மூடியத் தேடிகினு இருந்த. நான் ஏன் வாயத் தொறந்து உன்ன அசிங்கப்படுத்தணும்னு வுட்டேன்." குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உன் புருசன் ஒண்ணும் புதுசா பண்லியே. எல்லாரும்தான் சொல்றானுங்க. அதுல பாதிப் பேரு எங்கிட்ட இட்லி துன்றவனுங்க. கீழ எறங்கினா அக்கான்றான், மேல ஏறினா சாவுகிராக்கின்றான்."

அலெக்ஸ் அன்றைக்கும் போகவில்லை. அடுத்த நாள் வண்டி இருந்தது. அதற்கடுத்த நாள் தலைவலி. பேக்கரியிலிருந்து ஷைனிக்குப் பிடித்த கேக் வாங்கி வந்து தட்டில் வைத்துக் கொடுத்தான். பூவம்மாவின் வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருந்தது. கேக் டப்பாவோடு அந்த வாசலைத் தாண்டித்தான் வந்திருந்தான். ஷைனி கேக்கைத் தொடவில்லை. ரேச்சலும் தொடவில்லை. "அம்மாவும் பொண்ணும் ரொம்பத்தான் பேஜாரு பண்றீங்க" என்று அவனே தின்றான். உதட்டில் ஒட்டிய கிரீமை நாக்கால் துழாவி எடுக்கிற அந்த மனிதனை எங்கிருந்தோ வந்தவனைப் பார்ப்பது போல அவள் பார்த்தாள். அவன் சட்டையைத் துவைத்தாள், சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வெந்நீர் மட்டும் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மழை தூறிய ஒரு காலை. சாலையோரம் ஷைனியும் பூவம்மாவும் நின்றார்கள். ஐஸ் கட்டி ஏற்றிய மூன்று சக்கர வண்டியோடு ஒருவர், பள்ளிக்கூடப் பெண்கள் சிலர் என்று கூட்டம் சேர்ந்திருந்தது. தூறலில் புழுதி அடங்கியிருந்ததால் ஷைனி முகத்தை மூடவில்லை. டிரெய்லர் ஒன்று தூரத்திலேயே வேகம் குறைத்து, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் பதவிசாக வந்து நின்றது. நிற்பது தெரிய வேண்டும் என்று விளக்குகளை வேறு போட்டு அணைத்தது.

ஜன்னலில் அலெக்ஸ். முகமெல்லாம் சிரிப்பு. "போ ஷைனி, போ!" என்று கையை வீசி வழிகாட்டினான். பின்னால் வந்த வண்டிகள் கத்தத் தொடங்கின. "இர்றா டேய், எங்க வூட்டம்மா போவுது!" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினான். சாலையே அவனுடையது, அதை அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

ஷைனி பூவம்மாவைப் பார்த்தாள். "நீ நட, நான் வர்றேன்" என்றாள் பூவம்மா. ஷைனி நடந்தாள். நடந்து பாதியைத் தாண்டும்போது பின்னால் எஞ்சின் உறுமியது. திரும்பினாள். பூவம்மா கோட்டில் இரண்டாவது அடி வைத்திருந்தாள். டிரெய்லர் நகர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தது, அதே ஹாரன். "அப்பொறம் வா, அப்பொறம் வா, டைமாச்சு" என்று அலெக்ஸ் கையை ஆட்டினான். பூவம்மா குண்டானை அணைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள். ஐஸ் வண்டிக்காரர் பிரேக்கைப் பிடித்தார். பள்ளிக்கூடப் பெண்கள் பழகிப்போனவர்களாக ஒதுங்கி நின்றார்கள்.

ஷைனி திரும்பி வந்தாள். ஓடவில்லை. வண்டியின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பிரேக் சீறியது, வண்டி குலுங்கி நின்றது.

"இன்னா ஷைனி! போம்மே, வழி வுடு!"

அவள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, "வாக்கா" என்றாள்.

பூவம்மா ஒரு கணம் தயங்கி, இறங்கினாள். முட்டியைப் பார்த்துப் பார்த்து வைத்து, அவசரப்படாமல் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐஸ் வண்டி வந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். தாண்டும்போது ஒருத்தி ஷைனியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஷைனி... சொன்னா கேளு. எல்லாரும் பாக்குறாங்கடி."

எல்லாரும் கடந்துவிட்டார்கள். அவள் நகரவில்லை. பின்னால் வரிசை கட்டிய வண்டிகள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஊளையிட்டன. யாரோ அவள் தாயைச் சொல்லித் திட்டினான். அலெக்ஸ் அவனைத் திருப்பித் திட்டவில்லை. எஞ்சினின் சூடு அவள் முதுகில் அடித்தது, தூறல் முகத்தில் விழுந்தது. தலைக்கு மேலே கேபின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் படியில் இறங்கி, அங்கேயே நின்றது.

எதிர்ப்புற ஓரத்தில், துறைமுகத்திலிருந்து வெளியே வந்த ஒருத்தி தலையில் ஈரக் கூடையோடு நின்றிருந்தாள். முன்பின் பார்த்த முகமில்லை. டிரெய்லரையும் ஷைனியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷைனி வா என்று தலையை அசைத்தாள். அவள் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு காலை மட்டும் சாலையில் வைத்தாள்.