சிலந்திக் குளவியின் பின்னங்கால்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய்கூட இல்லை, வெறும் ஒரு ‘ஆமா’. அதைச் சொன்னவன் நான்தான் என்பதைக் கடைசி வரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் முதலில் திட்டம் போட்டேன். அதைக் கைவிட்டுவிட்டேன். பத்தொன்பது வருஷம் மறைத்தது போதும், கதையிலாவது வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“சிலந்திகளை வேட்டையாடும் குளவிகள் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் ஐந்து கிளைகள் இருப்பதாக இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்—”

பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

“அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் ஒருவன் இருந்தான். உடைந்த பூச்சிகளை ஒட்டுவது அவன் வேலை. அவனுடைய மனைவியின் அண்ணன்—”

‘அவன்’ என்று எழுதும்போதே கை கூசியது. யாரை ஏமாற்ற? அது நான். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிலந்திக் குளவிகளை வகைப்படுத்துகிறவர். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவர் நுண்ணோக்கியோடு ஓர் அறையில், நான் இடுக்கியும் பசையுமாகப் பக்கத்து அறையில். நடுவிலிருந்த கதவை இரண்டு பேரும் சாத்தியதே இல்லை.

என் கதைகளை முதலில் படிப்பவரும் அவர்தான். “மாப்ள, இந்த ஆளு நாலாம் பக்கத்துல சைக்கிள்ல போனான், அஞ்சாம் பக்கத்துல நடந்து வர்றான். சைக்கிள் எங்கய்யா?” என்பார். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் அவரைக் கண்டால் பயம்.

3

கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். சிலந்திக் குளவிகளில் இரண்டு கிளைகள் பெரியவை. இரண்டையும் பிரித்தறியப் பின்னங்காலைப் பார்ப்பார்கள். ஒரு கிளையில், பெண் குளவியின் பின்னங்காலில் ரம்பம் போலப் பற்கள் இருக்கும். இன்னொரு கிளையில் காலின் நுனி முட்கள் நீளமும் குட்டையுமாக விரிந்து நிற்கும். வேறு அடையாளங்களும் உண்டு, இந்தக் கதைக்கு இது போதும்.

(சிறிய கிளை ஒன்றில் எல்லாரும் திருடர்கள். வேறொரு குளவி கஷ்டப்பட்டுப் பிடித்த சிலந்தியில் தன் முட்டையை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். இதற்குக் கதையில் வேலையில்லை. மச்சானுக்குப் பிடித்த கிளை என்பதால் விட்டுவைக்கிறேன்.)

4

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பெயரிடப்படாத பழைய குளவிகள் இருந்த பெட்டி ஒன்று கைதவறி விழுந்தது. இரண்டு குளவிகளுக்கு அடி. ஒன்று எல்லாத் தோட்டத்திலும் திரிகிற சாதாரணக் குளவி, தூளாகிவிட்டது. இன்னொன்று கருநீல உடம்பு, அந்த மாதிரி அது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதற்கு இரண்டு பின்னங்கால்களும் இல்லை. பெட்டியின் அடியில் முழுதாக ஒரே ஒரு பின்னங்கால் கிடந்தது.

எது யாருடைய கால் என்று தெரியாவிட்டால் ஒரு துண்டு அட்டையில் ஒட்டி, ‘சந்தேகம்’ என்று எழுதி, அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். விதி எனக்குத் தெரியும். எழுதினால் பெட்டியைப் போட்டதைச் சொல்ல வேண்டும். நான் காலை அந்தக் கருநீல உடம்பில் ஒட்டினேன். நன்றாகப் பொருந்தியது.

மறுநாள் மச்சான் வந்து நின்றார்.

“மாப்ள, இந்தக் கால் இதோடதுதானா?”

“ஆமா மச்சான்.”

“நிச்சயமா?”

“ஊசிக்கு நேர் கீழதான் கெடந்துச்சு.”

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவது? உடம்பு ஒரு கிளை, கால் இன்னொரு கிளை. இரண்டு பெரிய கிளைகளுக்கும் நடுவில் நின்ற ஏதோ ஒன்று தன் கையில் கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார். இரண்டு வருஷம் வேறெதையும் தொடவில்லை. குளவிகளுக்கு வரைந்த குடும்ப மரத்தின் நடுவில் புதிதாக ஒரு கிளை விட்டார். அந்தக் குளவிக்குத் தன் தங்கையின் பெயரை, அதாவது என் மனைவியின் பெயரை வைத்தார்.

“என்ன மாப்ள, பேர் பிடிச்சிருக்கா?”

அன்று சொல்லியிருக்கலாம். பிடித்திருக்கிறது என்றேன்.

5

போன வருஷம் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சிலந்திக் குளவிகளின் உறவுமுறை முழுவதையும் மரபணுவைக் கொண்டு திருத்தி எழுதப்போகிறார்களாம். மச்சானின் குளவியிலிருந்து ஒரு கால் வேண்டும். வழக்கமாக நடுக்காலைப் பிடுங்கித் தருவோம். பிடுங்குவது என் வேலை.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. இவ்வளவு கோழையாக ஒருவன் இருப்பானா என்று மூன்று முறை திருத்திப் பார்த்தேன். இருந்தான்.)

நடுக்கால் போனால் உண்மை வெளிவரும். ஒட்டிய கால் போனால் சாட்சியே போய்விடும், அவ்வளவு பழைய காலில் மரபணு கிடைப்பதும் சந்தேகம் என்று அருங்காட்சியகத்தில் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் காலைத்தான் கழற்றினேன், பசைத்தடத்தையும் சுரண்டினேன். தானாக விழுந்துவிட்டது என்று மச்சானிடம் சொன்னேன்.

“சரி விடு, விழுந்ததையே அனுப்பிடு. இருக்கிற காலையும் ஏன் பிடுங்கணும்? காலோட படந்தான் வரைஞ்சு வெச்சிருக்கேனே” என்றார்.

6

மரபணு கிடைத்துவிட்டது. ‘இது புதிய குளவியே அல்ல, எல்லாத் தோட்டத்திலும் திரிகிற சாதாரணக் குளவி’ என்று நாலு வரியில் எழுதி, மரத்திலிருந்து அந்தக் கிளையை வெட்டிவிட்டார்கள். முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த குளவியை இவர் எப்படிக் கோட்டைவிட்டார் என்று ஒரு கூட்டத்தில் சிரித்தார்களாம். உடம்பை யாரும் வந்து பார்க்கவில்லை.

மச்சான் மட்டும் பார்த்தார், ஒரு வாரம்.

“மாப்ள, இன்னிக்குப் பார்த்தாலும் எனக்கு வேறயாத்தான் தெரியுது. அப்ப கோளாறு கண்ணுலதானே?”

நான் பசைக் குப்பியின் மூடியைத் திருகினேன்.

“கால் மாறியிருக்குமோன்னுகூட ஒரு நிமிஷம் நெனச்சேன், தெரியுமா? சீ, நீ ஒட்டினதாச்சே. எனக்குப் புத்தியும் சேர்ந்து போச்சு.”

அடுத்த திங்கட்கிழமை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்று, தெளிவாகத் தெரிகிற எண்ணை வாசித்துவிட்டு, “இது எந்த வண்டிங்க?” என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்து, எது நீலம் என்று தங்கையிடம் கேட்கிறார். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். “எங்கண்ணனுக்கு என்ன ஆச்சுங்க?” என்று என்னைத்தான் கேட்கிறாள்.

(குளவியிடம் கொட்டு வாங்கிய சிலந்தி உடனே சாவதில்லை, அசையாமல் உயிரோடு கிடக்கும். மச்சானுக்கு அதை உவமையாக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது. செய்யமாட்டேன். செய்தால் கொட்டியது யார் என்றும் எழுத வேண்டும்.)

7

முடிவுகள்.

முதல் முடிவில் நான் சொல்லிவிடுகிறேன். அந்த உடம்பில் இன்னும் நான்கு கால்கள் மிச்சம். ஒன்றைப் பிடுங்கி அனுப்புகிறோம். நடுக்கிளை பொய்தான், ஆனால் உடம்பு சாதாரணக் குளவியல்ல என்று பதில் வருகிறது. அவர் பார்த்தது சரியாகத்தான் இருந்தது. அவருக்குக் கண் திரும்பக் கிடைக்கிறது, மாப்பிள்ளை போய்விடுகிறான். நடக்கக்கூடிய முடிவு இது ஒன்றுதான். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன்.

இரண்டாவது முடிவில் அவர் தெரியாமலே செத்துப்—

இல்லை.

மூன்றாவது முடிவில் என் மனைவி இந்தத் தாள்களை எடுத்து—

8

மூன்றாவது முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லை. தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“புதுக் கதையா? நீயே படி மாப்ள. நான் படிச்சா எதையாவது இல்லாததைப் படிச்சிருவேன்.”

முதல் பிரிவைப் படித்தேன். “அப்படி என்னய்யா பெரிய பொய்?” என்று சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். சைக்கிள் கதை வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டார். மூன்றாம் பிரிவில், “முட்களைச் சரியாச் சொல்லியிருக்க” என்றார். பிறகு நன்றாகக் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

(இந்தப் பிரிவை எப்போது எழுதினாய் என்று கேட்காதீர்கள். கேட்டால் அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டிவரும்.)

“நிறுத்தாத மாப்ள, நல்லாப் போகுது.”

நான்காம் பிரிவு என் கையில் இருக்கிறது. நாக்கு எழவில்லை. உங்களுக்கு அவர் யாரோ, நான் யாரோ. நீங்கள் இதை ஏற்கெனவே ஒருமுறை படித்தும்விட்டீர்கள். தயவுசெய்து இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள், ‘மூன்றாம் மாதம்’ என்ற இடத்திலிருந்து அவருக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.