குட்டைக் குழலின் வேகம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டு மண்டபத்தில், றோல்ஸ் தட்டுக்கு முன்னால் நின்றபோது கிடைத்தது. பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் கதைக்க வேறொன்றும் இல்லாமல், "அக்காவுக்கு எங்க வேலை?" என்று கேட்டுவைத்தேன். எங்கள் ஆட்களிடம் கேட்டால் முதியோர் இல்லம் என்பார்கள், தொழிற்சாலை என்பார்கள். மேரிகிறேஸ் அக்கா றோல்ஸை மென்று விழுங்கிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்.

"துவக்கால சுட்டா சன்னம் என்ன வேகத்தில போகுதெண்டு அளக்கிற வேலை, தம்பி."

எனக்குப் புரைக்கேறிவிட்டது. எழுத்தாளன் என்று சொல்லித் திரிகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் இருக்கும் ஓகூஸ் நகருக்குத் திரும்பிய கையோடு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: சன்னங்கள் துரத்தத் துரத்த ஓடிவந்தவள், இன்று அந்தச் சன்னங்களையே துரத்தி—

தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "இதென்ன தம்பி, மேடைப் பேச்சா? நான் மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குப் பஸ்ஸில வந்து, மறுகா பிளேன் ஏறின ஆள்."

இரண்டாம் தொடக்கம்: அன்று காலை வானம் ஈயம்போல— (விட்டுவிட்டேன். ஈயமாம், சன்னமாம்! எனக்கே வெட்கமாக இருந்தது.)

மூன்றாவது இது: 2009 மே பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, மேரிகிறேஸ் இரண்டு பிஸ்டல்களைச் சுட்டு அளந்தார். விடை ஒருவரும் எதிர்பாராததாக இருந்தது.

இதற்கு அவர் சிரிக்கவில்லை. அதனால் இதுவே கதை.

3

வேலை என்னவென்று சொல்லவேண்டும். சாதாரண உடையில் திரியும் பொலிஸ்காரர் கோட்டுக்குள் மறைத்துவைக்கச் சின்னப் பிஸ்டல் வேண்டும். குழல் குறுகக் குறுக மறைப்பது சுகம். ஆனால், சன்னத்தைத் தள்ளிவிட வெடிமருந்துக்குக் கிடைக்கும் தூரமும் குறையும், வேகமும் குறையும். எவ்வளவு குறையும் என்று அளந்து சொல்வதற்குத்தான் பிரெடெரிசியாவில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் மேரிகிறேஸ் இருந்தார்.*

அன்று மேசையில் இரண்டு. ஒன்றின் குழல் எண்பத்தொன்பது மில்லிமீற்றர், மற்றதன் குழல் எழுபத்தெட்டு. இரண்டுக்கும் ஒரே பெட்டித் தோட்டா. மற்றவர்கள் ஒரு பிஸ்டலைப் பத்துத் தரம் சுட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். மேரிகிறேஸ் அப்படிச் செய்யமாட்டார். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுவார். அறையின் சூடு ஏறினாலும் இறங்கினாலும் இரண்டுக்கும் சரிசமமாக இருக்கட்டும் என்பது அவர் நியாயம். அடடா, என்ன மூளை! இந்த மனுசியில் எனக்கிருக்கும் மதிப்பை மறைக்கப்போவதில்லை, கதை கெட்டாலும் பரவாயில்லை.

நீளக் குழல்: செக்கனுக்கு 331 மீற்றர். குட்டைக் குழல்: 338.

குட்டைதான் வேகம்.

(* துவக்கென்றாலே பயந்து சாகிற நான், இதையெல்லாம் அவரிடம் மூன்று தரம் கேட்டுத்தான் எழுதினேன்.)

4

பொறுப்பாளர் பிரெபென் நல்ல மனுசன். கதையில் ஒரு கெட்டவன் இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், இல்லை. அவர் தாளைப் பார்த்தார், மேரிகிறேஸைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"மேரி, மாற்றி மாற்றிச் சுட்டபோது தாளில் இரண்டு நிரலும் இடம்மாறிவிட்டன. உன் ஊரில் நடப்பது எனக்குத் தெரியும். உன் தலை இங்கே இல்லை, அதில் குற்றமும் இல்லை. வீட்டுக்குப் போ. நான் எண்களைத் திருப்பிப் போட்டு அனுப்புகிறேன்."

மேரிகிறேஸின் தம்பி குருசுமுத்து மன்னாரில் கலியாணம் கட்டி, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் கிடந்தார். மூன்று கிழமையாக மேரிகிறேஸ் கழிப்பறைக்கும் கைத்தொலைபேசியோடுதான் போனார். வன்னியிலிருந்து சற்றலைற் தொலைபேசியில் அழைத்தால் திரையில் எண் விழாது. அதனால் எண் விழாத எந்த அழைப்பையும் அவர் விட்டதில்லை.

உண்மையிலேயே மாறியிருக்குமோ? அந்தச் சந்தேகம் அவருக்கும் வந்தது. வந்ததை என்னிடம் ஒளிக்கவில்லை. ஆனாலும் கோட்டை எடுக்கப் போனவர் திரும்பி வந்தார்.

"நீ சுடு, பிரெபென். எதை எடுக்கிறாய் என்று எனக்குச் சொல்லாதே. உன் தாளில் பிஸ்டலை எழுது, என் தாளில் வேகத்தை எழுதுகிறேன். இருபது வெடி முடிந்தபிறகு இரண்டையும் பக்கத்தில் வைப்போம். நான் பிழையென்றால் இந்த அறைக்குத் திரும்பி வரமாட்டேன்."

5

இருவர் காதிலும் மூடி. கைத்தொலைபேசி கண்ணாடிக்கு வெளியே, மேசையில். பிரெபென் தன் உடம்பால் பிஸ்டலை மறைத்துக்கொண்டு சுட்டார்.

பதின்மூன்றாவது வெடிக்குப் பிறகு மேசையில் வெளிச்சம் எரிந்தது. மணி கேட்கவில்லை, வெளிச்சம் மட்டும். கண்ணாடி வழியே திரை தெரிந்தது. எண் இல்லை.

பிரெபெனும் கண்டார். பிஸ்டலைத் தாழ்த்தி, போய் எடு என்று கைகாட்டினார்.

(இங்கே மேரிகிறேஸை ஓடவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு, காதுமூடி கழன்று விழ— அவர் கேட்டுவிட்டு, "அழியுங்கோ" என்றார். அழித்தேன்.)

மேரிகிறேஸ் அசையவில்லை. விரலை உயர்த்தி, அடுத்தது என்றார். வெளிச்சம் அரை நிமிடம் எரிந்து அணைந்தது. மிச்சம் ஏழு வெடிகளும் முடிந்தன. இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தார்கள்.

குட்டைதான் வேகம். உட்புறம் சற்று இறுக்கமாகக் கடைந்த குழல் அது. ஒரு சென்ரிமீற்றர் நீளக் குறைவை அந்த இறுக்கம் ஈடுகட்டியிருந்தது.

பிரெபென் மன்னிப்புக் கேட்டார். மேரிகிறேஸின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். அறிக்கை ஒரு எண்ணும் மாறாமல் போனது. மே பதினெட்டாம் திகதி யுத்தம் முடிந்தது. எண் இல்லாத அழைப்பு அதன்பிறகு வரவில்லை.

6

"ஏனக்கா எடுக்கயில்ல?" கேட்டேவிட்டேன். கேட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"மூண்டு கிழமையா எத்தின பேருக்குச் சொன்னன் தம்பி? சேர்ச்சில சொன்னன், ரேடியோவில சொன்னன், நகரசபைக் கந்தோரில சொன்னன். அங்க இத்தின சனம் கிடக்கு, இத்தின செல் விழுகுதெண்டு. உனக்கு மனசு சரியில்ல, போய்ப் படு எண்டுதான் எல்லாரும் சொன்னது. அண்டைக்கு ஒரு மனுசன் என்ர கணக்கை நம்பப்போறான் எண்டு நிண்டன். அதை விட்டுட்டு ஓட ஏலாமப் போச்சு."

பிறகு, "எடுத்திருக்கலாம்" என்றார்.

இதற்கு என்ன முடிவு எழுதுவது? ஒன்று: அழைத்தது பல் வைத்தியரின் கந்தோர். நடந்திருக்கக்கூடியதுதான்; ஆனால் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு: மேரிகிறேஸ் எடுக்கிறார். இரைச்சலுக்கு நடுவே குருசுமுத்துவின் குரல், "அக்கா, நாங்கள் வெளிய வந்திட்டம்" என்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

அவர் கடைசிவரை கேட்டார்.

"அவன் என்னை அக்கா எண்டு கூப்பிட்டதேயில்ல, தம்பி. எனக்கு அவன் வச்ச பேர் ஒண்டு இருக்கு."

என்ன பெயரென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த அழைப்பை உங்களிடம் விடுகிறேன். எடுப்பதென்றால் எடுங்கள். குருசுமுத்துவின் முதற்சொல்லை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்; எனக்கு அது தெரியாது.