வயித்துல ஒட்டற பை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் குடலில் ஆபரேஷன் ஆன பிறகு, வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கழிவு அதில்தான் வந்து சேரும். சில நாளுக்கு ஒருமுறை கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. "அது தீரப் போகுது," "அது வந்துடுச்சா?" இவ்வளவுதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசி வியாபாரம் பார்க்கும் அவர் மனைவிக்குக்கூட அதன் பெயரைச் சொல்ல நாக்கு எழாது.

வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்காரர் ஒருநாள் கையை விரித்தார். "ஸ்டாக் வந்தா நிக்க மாட்டேங்குதும்மா. யாரோ மொத்தமா அள்ளிட்டுப் போய் ஆன்லைன்ல போடறாங்க. அங்கதான் பாக்கணும்."

பார்த்தாள். இருந்தது. விலை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் வாங்கினாள், வேறு வழியில்லை. பெட்டி வந்தபோது விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். மூக்குக் கண்ணாடிகளில் ஸ்டிக்கர் உரித்துப் பழகிய நகம் சும்மா இருக்குமா? சுரண்டினாள். அடியில் கம்பெனி அச்சடித்த அதிகபட்ச விலை. அவள் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

பெட்டியில் இருந்த விற்பனையாளர் நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தவன் இளவயசுக்காரன். குரலில் தேன் ஒழுகியது.

"சொல்லுங்க மேடம்."

"அச்சடிச்ச விலைக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி வித்திருக்கீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

"பிடிச்சா வாங்குங்க மேடம், இல்லைன்னா விடுங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலையே."

"நான் புகார் கொடுப்பேன்."

அவன் சிரித்தான். நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைக் கேட்டவன் போல. "தாராளமா கொடுங்க. என்ன பொருள்னு எழுதணும். வீட்டுல யாருக்குன்னு கேப்பாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட கொடுக்கல மேடம்."

போனை வைத்தாள். அவனுடைய ஆன்லைன் கடைப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரியவர்களுக்கான டயப்பர். மருந்தில் முடி கொட்டியவர்களுக்கான விக். மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கான உள்ளாடை. மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்தும் பொருளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தான். பாவி, எவன் வாய் திறக்க மாட்டான் என்று தெரிந்து அவன் கழுத்தில்தானே கத்தி வைக்கிறான்!

வீட்டில் சொன்னதும் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம். விட்டுடு."

"ஏங்க, இது நம்மளோட மட்டும்..."

"அங்க நாலு பேர் முன்னாடி என்னைப் பத்திப் பேசப்போறியா?"

அவருடைய அக்காவும் வந்திருந்தாள். "தம்பி சொல்றது சரிதானே? கௌரவமா இருந்த பையன். ஊர் வாயில விழணுமா?"

"ஊர் வாய்க்குப் பயந்து அந்த விக்கறவன் வாயில கொட்டிக்கிட்டே இருக்கணுமா அண்ணி?" என்று கத்தினாள். மாஸ்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆனாலும் புகார் போனது. அவள் பெயரில். அவர் கெஞ்சியதால், பொருள் என்ற இடத்தில் "மருத்துவப் பொருள்" என்று மட்டும் எழுதினாள்.

விசாரணைக்கு மாஸ்டரும் வந்தார். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. நுகர்வோர் அலுவலகத்தின் அந்த அறையில் அடுத்தடுத்த புகார்க்காரர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். விற்றவன் இஸ்திரி கலையாத சட்டையில் வந்திருந்தான்.

"சார், மருத்துவப் பொருள்னா ஆயிரம் இருக்கு," என்றான் அதிகாரியிடம், மிகப் பணிவாக. "எது அதிக விலைன்னு தெரிஞ்சாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? மேடத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். உதட்டோரத்தில் அதே சிரிப்பு.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன பொருள்மா?"

அவள் வாயைத் திறந்தாள். கணவர் பக்கம் கண் போனது. புகார்த் தாளை எடுத்துப் புரட்டினாள்.

"பை!"

அறையே திரும்பியது. கற்றுக்கொள்பவன் லாரிக்கு நேராக வண்டியை விடும்போது மாஸ்டருக்கு ஒரு குரல் வரும். அந்தக் குரல்.

"வயித்துல ஒட்டற பை சார். எனக்குத்தான். எனக்கு மலம் அதுலதான் வருது." எழுந்து நின்று சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"வேண்டாங்க, உட்காருங்க," என்றார் அதிகாரி.

"இருங்க சார். எதை வித்துத் தின்னறோம்னு இவன் பாக்கட்டும். டேய், நிமிந்து பாருடா! இது இல்லாம நான் வாசப்படி தாண்ட முடியாது. அது தெரிஞ்சுதானே ஸ்டிக்கர் ஒட்டின?"

அவன் நிமிரவில்லை. கையில் இருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முணுமுணுத்தான்: "அவங்க பணத்தை இப்பவே திருப்பித் தந்துடறேன் சார்."

"எங்களுக்கு மட்டும் தந்துட்டு ஓடிடலாம்னு பாக்காத," என்றாள் அவள். இப்போது அவளுக்குக் குரல் வந்துவிட்டது. "யார் யாருக்கு வித்தியோ அத்தனை பேருக்கும் தா."

வெளியே வந்ததும் மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பொத்தான்கள் இன்னும் திறந்தே கிடந்தன. அவளே போட்டுவிட்டாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தீர்ப்பு அவள் கேட்டபடியே வந்தது. அபராதமும் உண்டு, வாங்கிய எல்லாருக்கும் கூடுதல் பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். நாத்தனார்கூடப் போனில் "பரவாயில்லையே!" என்றாள்.

பிறகு ஒருநாள் கடையில் இருந்தபடியே, மற்றவர்களுக்குப் பணம் போனதா என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள்.

"எல்லாருக்கும் கடிதம் போட்டோம்மா," என்றார் குமாஸ்தா. "பதில் போட்டது ரொம்பக் கொஞ்சம். 'எனக்கு வேண்டாம், இனிமே வீட்டுக்கு இப்படிக் கடிதம் அனுப்பாதீங்க'ன்னுகூட ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அப்ப அந்தப் பணம்?"

"கேட்டாத்தானே கொடுக்க முடியும்? அவன்கிட்டயேதான் இருக்கும்."

"அவங்க நம்பர் கொடுங்க. நான் ஒவ்வொருத்தரா பேசறேன்."

"அதெல்லாம் தரக்கூடாதும்மா. அவங்க சொந்த விஷயம், ரகசியம் இல்லையா?"

"வித்தவனுக்கு மட்டும் அவங்க யாருன்னு தெரியலாம், இல்ல?" என்றாள். கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டுப் போனை வைத்தாள்.